காலத்தைக் கையில் எடுத்தவர்: ஜெஃப் மில்ஸின் இசைப் பயணம்

நீள் இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதன் தடம் விளிம்பில் தொடங்கி மையத்தை நோக்கிச் சுருளாகச் செல்லும். ஊசி அந்த வழியே நகர்ந்து பாடலை முடித்துவைக்கும். தடத்தின் கடைசியை அதன் தொடக்கத்தோடு சேர்த்து வட்டமாக வெட்டிவிட்டால் ஊசிக்கு வெளியேற வழி இல்லை. யாராவது கையால் தூக்கும்வரை அதே 1.8 நொடி ஒலி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு சுற்றுக்குள் சம இடைவெளியில் நான்கு அடிகளை அமைத்தால் நிமிடத்துக்கு 133.33 அடிகள் கிடைக்கும். ஆடுவதற்குப் பொருத்தமான வேகம் அது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த ஜெஃப் மில்ஸ் 1994இல் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ இசைத்தட்டில் இத்தகைய பூட்டிய தடங்கள் இடம்பெற்றன.

இதைப் பாட்டு என்று சொல்ல முடியுமா? இதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, பல்லவி இல்லை, பாடுபவர் இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஓடவிடுவது, எதன்மேல் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது ஆகிய எல்லா முடிவுகளும் தட்டைச் சுழற்றும் டிஜேயிடம் விடப்பட்டிருக்கின்றன. இயந்திரம் காலத்தைத் துல்லியமாகக் காக்கிறது. மனிதக் கை அந்தக் காலத்துக்குள் எங்கே குறுக்கிடுவது என்று முடிவெடுக்கிறது. 1980களின் வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து இன்றைய இசையரங்குகள்வரை மில்ஸ் இந்த ஒரு உறவைத்தான் ஆராய்ந்து வந்திருக்கிறார். கை இயந்திரத்தின்மீது நேரடியாக இருக்கும்போது அவருடைய கலை வலுவாக இருக்கிறது. கைக்கும் இயந்திரத்துக்கும் இடையே பெரிய கருத்துகளோ பெரிய அமைப்புகளோ வந்து நிற்கும்போது தளர்கிறது. இக்கட்டுரை அவருடைய பயணத்தை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறது.

ஆலை போன பிறகு

மில்ஸின் இசை வகையான டெக்னோவைப் பற்றி எழுதுபவர்கள் டெட்ராய்ட்டின் கார் ஆலைகளைச் சுட்டிக்காட்டி, அந்த ஆலைகளின் ஓசைதான் இசையாக மாறியது என்று முடித்துவிடுவதுண்டு. ஓரளவு உண்மைதான். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் பிடித்த கார் பொருத்தும் வேலை சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தது. தொழிலாளியின் கை எப்போது அசைய வேண்டும் என்பதை அங்கே இயந்திரம் தீர்மானித்தது. லிங்கன்-மெர்க்குரி ஆலையில் வேலைபார்த்த பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் பாடல்களையும் அதே ஒழுங்கோடு உருவாக்கி உலகெங்கும் விற்றது.

மில்ஸ் பிறந்தது 1963இல். அவர் வளர்ந்த காலத்து டெட்ராய்ட் ஆலைகளை இழந்துகொண்டிருந்த நகரம். 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்வது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கலவரத்துக்குப் பிறகு அது வேகம் பிடித்தது. 1972இல் மோட்டவுனும் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. 1950இல் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1990இல் 10.3 லட்சத்துக்கு இறங்கியது. ஆலை ஓசை ஓய்ந்துவந்த ஊரில், வேலையும் பணமும் வெளியேறிய பிறகு எஞ்சிய இடத்தில் பிறந்த இசை டெக்னோ. அதை உருவாக்கிய கறுப்பின இளைஞர்களுக்கு இயந்திரம் முதலாளியின் சொத்தாக வரவில்லை. அடகுக்கடையிலும் பழைய பொருள் கடையிலும் மலிவாகக் கிடைத்த மின்னணுக் கருவியாக வந்தது. பெற்றோரின் கையை ஆட்டிவைத்த இயந்திரத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் ஆட்டிவைத்தார்கள். மில்ஸின் கலையைப் புரிந்துகொள்ள இந்த மாற்றம் முக்கியமானது.

அந்த இளைஞர்களின் காதுகளைப் பழக்கியது வானொலி. ‘எலக்ட்ரிஃபையிங் மோஜோ’ என்ற பெயரில் ஒலிபரப்பிய அறிவிப்பாளர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் பிரின்ஸையும் பார்லமென்ட்-ஃபங்கடெலிக்கையும் ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார். கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று அமெரிக்க வானொலி பிரித்து வைத்திருந்த வேலியை அவர் மதிக்கவில்லை. டெக்னோவின் முன்னோடிகளான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவர் அந்த வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அட்கின்ஸ், ரிக் டேவிஸுடன் சேர்ந்து நடத்திய சைபோட்ரான் குழுவின் முதல் இசைத்தட்டு 1981இல் வந்தது. அவருடைய மெட்ரோப்ளெக்ஸ் நிறுவனம் 1985இல் தொடங்கியது. 1988இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பு இந்த இசைக்கு டெக்னோ என்ற பெயரை உலக அளவில் நிலைநிறுத்தியது.

மில்ஸ் அந்த மூவர் வரிசையில் வந்தவர் அல்லர். அவர் வந்தது ஹிப்ஹாப் டிஜேக்களின் வழியாக. டபிள்யூ.டி.ஆர்.க்யூ, டபிள்யூ.ஜே.எல்.பி ஆகிய டெட்ராய்ட் வானொலி நிலையங்களில் ‘தி விசார்ட்’ என்ற புனைபெயரில் அவர் நிகழ்ச்சி நடத்தினார். ஒரு பாடலின் சில வரித் தாளத்தை எடுத்து, அது முடியும் முன்பே அடுத்ததை நுழைத்து, தட்டைப் பின்னோக்கி இழுத்து மீண்டும் அதே இடத்தில் விடும் வேக மாற்றமே அவருடைய அடையாளம். ஹிப்ஹாப், எலக்ட்ரோ, ஐரோப்பாவின் இண்டஸ்ட்ரியல் இசை எல்லாம் அந்த ஓட்டத்தில் கலந்தன. ஒரு பாடலை முழுதாகக் கேட்க வைப்பதைவிட அதற்குள் இருக்கும் பயனுள்ள சில நொடிகளைக் கண்டெடுப்பதுதான் டிஜேயின் வேலை என்ற பாடத்தை அவர் இங்கே கற்றார். பின்னாளில் பூட்டிய தடத்தில் 1.8 நொடியை மட்டும் வைத்துக்கொண்டது இந்தப் பயிற்சியின் தொடர்ச்சி.

முகமூடியும் எதிர்ப்பும்

வானொலியிலிருந்து இசை அமைப்புக்கு மில்ஸ் நகர்ந்தது ‘ஃபைனல் கட்’ என்ற குழுவில். அதன் முதல் தொகுப்பு 1989இல் வந்தது. அதே காலகட்டத்தில் மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற குழுவையும் இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். ராபர்ட் ஹூட் பிறகு இணைந்தார்.

பெயருக்கேற்ப அது ஒரு தலைமறைவு இயக்கம்போல நடந்துகொண்டது. உறுப்பினர்கள் முகத்தை மறைத்தார்கள். படைவீரர்களைப் போல உடுத்தினார்கள். தட்டுகளின் உறைகளில் தங்கள் படங்களைப் போடவில்லை. இதை விளம்பர உத்தி என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் பொருளாதாரக் கணக்கு இருந்தது. மோட்டவுன் ஊரைவிட்டுப் போனதைப் பார்த்த தலைமுறை அது. கறுப்பினக் கலைஞரின் முகத்தையும் குரலையும் விற்று லாபம் பார்த்த பெருநிறுவனங்களுக்கு விற்பதற்கு முகமே கொடுக்காமல் இருப்பது ஒரு பதில். தட்டை உள்ளூரில் வெட்டி, உள்ளூரில் அச்சிட்டு, தாங்களே விநியோகிப்பது இன்னொரு பதில். தட்டுகளின் நடுவில் வெட்டாமல் விடப்படும் வெற்றுப் பகுதியில் செய்திகளைக் கீறி அனுப்பினார்கள். 1991இல் வந்த ‘ரயட்’ போன்ற தட்டுகளின் ஒலியும் இந்த மனநிலைக்கு ஒத்தது: கடினமானது, வேகமானது, கேட்பவரைச் சமாதானப்படுத்த முயலாதது.

இந்த இசையில் சொற்கள் மிகக் குறைவு. எதிர்ப்பைச் சொல்ல ராப் இசைக்குச் சொல் தேவைப்பட்டது. இவர்கள் சொல்லை விட்டுவிட்டார்கள். பாடல் வரி இல்லாத இசை அரசியல் பேசுமா என்ற ஐயம் நியாயமானதே. ஒலி தன்னளவில் கட்சி சார்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒலி யார் கையில் பிறந்து, எந்த வழியில் விற்கப்பட்டு, யாருக்குச் சொந்தமாக இருக்கிறது என்பதில் அரசியல் இருக்கிறது. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மில்ஸ் சில ஆண்டுகளில் குழுவிலிருந்து விலகினாலும், தன் இசையின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடவில்லை. 1992இல் அவர் தொடங்கிய ஆக்சிஸ் நிறுவனம் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் அவர் பொறுப்பிலேயே நடக்கிறது.

பெர்லினின் நிலவறை

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தபோது கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்று தெளிவில்லாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. லைப்சிகர் வீதியில் வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலவறைக் காப்பகம் அவற்றில் ஒன்று. யூதக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்து நாஜிகள் பறித்துக்கொண்ட நிறுவனம் அது. துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டகங்கள் வரிசையாக நின்ற அந்த அறையில் டிமிட்ரி ஹேகெமனும் நண்பர்களும் 1991 மார்ச்சில் ட்ரெசோர் என்ற நடனக்கூடத்தைத் திறந்தார்கள். பெட்டகம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதே ஆண்டு அவர்கள் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு, மில்ஸ், பேங்க்ஸ், ஹூட் மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘எக்ஸ்-101’.

டெட்ராய்ட்டும் பெர்லினும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன? இரண்டும் ஆள் குறைந்த நகரங்கள். இரண்டிலும் காலியான கட்டடங்கள் மலிவு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பெர்லினில் காலியிடம் ஒரு விடுதலையின் விளைவு. டெட்ராய்ட்டில் அது கைவிடப்பட்டதன் விளைவு. பெர்லின் இளைஞர்கள் ஒன்றுசேர்ந்த நகரத்தின் கொண்டாட்டமாக இந்த இசையை எடுத்துக்கொண்டார்கள். அதை உருவாக்கியவர்களுக்கோ சொந்த ஊரில் பெரிய கூட்டம் கிடைக்கவில்லை. 1990கள் முழுவதும் டெக்னோ ஐரோப்பிய இசையாகவே உலகத்துக்கு அறிமுகமானது. அதன் கறுப்பின வேர் பலருக்குத் தெரியாமலே போனது. மில்ஸின் புகழ் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வளர்ந்ததற்கும், தன் நாட்டில் அவர் பொதுமக்களிடம் பெரிதும் அறியப்படாமல் இருந்ததற்கும் இதுவே பின்னணி.

ட்ரெசோர் அவருக்குச் சோதனை செய்யவும் இடம் கொடுத்தது. 1992இல் வந்த ‘எக்ஸ்-102’ சனிக்கோளின் வளையங்களைப் பொருளாகக் கொண்டது. வளைய அமைப்பை ஒட்டித் தட்டின் தடங்களையே அமைத்தார்கள்; கேட்கும் பொருளும் பார்க்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். தட்டை வெட்டித்தந்தவர் டெட்ராய்ட்டின் ரான் மர்ஃபி. பழைய வெட்டு இயந்திரத்தைப் பழுதுபார்த்து இயக்கிவந்த அந்தத் தொழில்நுட்பர் இல்லாமல் மில்ஸின் தட்டுச் சோதனைகள் எதுவும் நடந்திருக்காது. அதே ஆண்டில் வந்த ‘வேவ்ஃபார்ம் டிரான்ஸ்மிஷன்’ முதல் தொகுதி மில்ஸ் தனியாகச் செய்தது. அதன் வேகமும் முரட்டுத்தனமும் ஐரோப்பிய டிஜேக்களின் ஒரு தலைமுறை முழுவதற்கும் அளவுகோலாகின.

கழித்துக் கழித்து

மில்ஸ் இதற்கிடையே நியூயார்க் சென்று, தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிய லைம்லைட் நடனக்கூடத்தில் டிஜேயாக இருந்தார். பிறகு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். இந்த ஆண்டுகளில் அவருடைய இசை மெலியத் தொடங்கியது. அடுக்கடுக்கான ஒலிகள் போயின. ஒரு தாளம், ஒரு சிறு ஒலித்துணுக்கு, அதன் நிறத்தில் மெதுவாக நிகழும் மாற்றம் ஆகியவையே எஞ்சின. ராபர்ட் ஹூட்டின் ‘மினிமல் நேஷன்’ 1994இல் ஆக்சிஸில் வெளியாகி, மினிமல் டெக்னோ என்ற பிரிவுக்கே அடித்தளமானது.

சிக்கனம் இங்கே வறுமையின் அறிகுறி இல்லை, அழகுக்காக மட்டும் செய்ததும் இல்லை. டிஜேயாக இருந்து கற்ற தேவை அது. மூன்று தட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிடுபவருக்கு ஒவ்வொரு தட்டிலும் இடம் வேண்டும். எல்லாம் நிறைந்த பாட்டின்மேல் இன்னொன்றை ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒன்றில் தாளம், ஒன்றில் மணியோசை, ஒன்றில் உலோகச் சிணுங்கல் என்று பாதி வெறுமையாக இருக்கும் தட்டுகள் ஒன்றுசேரும்போதுதான் முழு இசை உருவாகும். 1990களின் நடுவில் மில்ஸ் தொடங்கிய பர்பஸ் மேக்கர் நிறுவனத்தின் நோக்கமே டிஜேக்கள் கையாளுவதற்கான கருவித்தட்டுகளைத் தருவது. அதன் மிகப் புகழ்பெற்ற வெளியீடான ‘தி பெல்ஸ்’ இன்றும் உலகின் நடனக்கூடங்களில் ஒலிக்கிறது. நாலைந்து சுரங்களில் ஒரு மணியோசை, அதன் கீழே விடாமல் ஓடும் தாளம். அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் முடிவுறாத ஒன்றாகத் தோன்றக்கூடும். அதன் முடிவு இன்னொரு தட்டில் இருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஜேக்களின் வழக்கமான சுழல்மேசையான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, வேகத்தை 8 விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ விடும். பூட்டிய தடத்தின் 133.33 அடிகள் இதனால் ஏறத்தாழ 123 முதல் 144 வரை நகரும். டெக்னோவின் நடைமுறை வேகம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அழகியல் என்று நாம் பேசுவதில் ஒரு பங்கு, மோட்டாரும் நழுவுபொத்தானும் அனுமதித்த எல்லை.

டோக்கியோவில் ஓர் இரவு

மில்ஸின் டிஜே கலைக்கு ஒரே ஒரு சான்று தரச் சொன்னால் 1995 அக்டோபரில் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதி லிக்விட் ரூம் கூடத்தில் பதிவான நிகழ்ச்சியைத்தான் தர வேண்டும். அடுத்த ஆண்டு வெளியான அந்தப் பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குள் நாற்பதுக்கு நெருக்கமான தட்டுகள். சில ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை.

மற்ற டிஜேக்கள் வெளியிடும் கலவைப் பதிவுகள் ஒலிக்கூடத்தில் திருத்தப்பட்டு வழவழப்பாக இருக்கும். இதில் கூட்டத்தின் கூச்சல் கேட்கிறது. தட்டைப் பின்னோக்கி இழுக்கும் கரகரப்பு கேட்கிறது. இரண்டு தாளங்கள் ஒரு நொடி விலகி, கை உள்ளே வந்து திருத்தி, மறுபடி ஒட்டிக்கொள்வதும் கேட்கிறது. மூன்று சுழல்மேசைகளுக்கு நடுவே நின்றவர் ஒன்றை ஓடவிட்டு, இரண்டாவதைச் சரிக்கட்டிக்கொண்டே மூன்றாவதில் தட்டை மாற்ற வேண்டும். மிக்சரில் அடிநாதத்தைத் திடீரென்று வெட்டி, கூட்டம் தவிக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த தட்டை உறையிலிருந்து எடுப்பதுமுதல் அது ஒலிப்பதுவரை அவருக்குக் கிடைப்பது சில பத்து நொடிகளே.

இரண்டு தட்டுகள் ஒரே வேகத்தில் நிலைத்து ஓடாது. மோட்டாரின் சிறு வேறுபாடும் ஊசியின் உராய்வும் அவற்றை மெல்ல மெல்ல விலக்கும். ஆகவே மூன்று தட்டுகளை ஒட்டி வைத்திருப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை. விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தொட்டு மெதுவாக்குவதும், நடுப்பகுதியைத் தள்ளி விரைவாக்குவதும் நிகழ்ச்சி முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். கேட்பவருக்கு அசையாத ஒழுங்காகத் தெரிவது, இடைவிடாத திருத்தத்தின் விளைவு. இயந்திர இசையில் மனிதன் இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்தப் பதிவு போதுமான மறுப்பு. இன்றைய கணினி மென்பொருள் தாளங்களைத் தானே ஒட்டவைத்துவிடுகிறது. அதனால் டிஜேக்களுக்கு நேரம் மிச்சமாகிறது. இந்த வகைப் பதற்றம் மட்டும் பதிவுகளில் கேட்பதில்லை.

பதினாறு பொத்தான்கள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983இல் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. முரசு ஒலிகளை மின்சுற்றுகளே உண்டாக்கும். சிங்கி ஒலிகள் மட்டும் பதிவு செய்யப்பட்ட துணுக்குகள். உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் புறக்கணித்தார்கள். ஏறத்தாழ 10,000 கருவிகளோடு உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிந்தபோது அது டெட்ராய்ட், சிகாகோ இளைஞர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு தாளச் சுற்றைப் பதினாறு பகுதிகளாகப் பிரித்து, வரிசையாக அமைந்த பதினாறு பொத்தான்களில் எதை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் ஒலி விழும்படி அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தாளத்தை முன்கூட்டியே அமைத்துவிட்டு ஓடவிடுவார்கள். மில்ஸ் அது ஓடும்போதே கை வைப்பார். சுற்று நிற்காமல் போய்க்கொண்டிருக்க, ஒரு பொத்தானை அணைத்து, இன்னொன்றை ஏற்றி, ஒலியின் நீளத்தை முறுக்கி, எட்டுச் சுற்றுக்குள் முற்றிலும் வேறொரு தாளத்துக்கு வந்துவிடுவார். காலப்பிரமாணம் இயந்திரத்துடையது, அதற்குள் கணக்கு மனிதனுடையது. எழுதி வைத்த தாளத்தை ஒப்பிப்பதற்காகச் செய்யப்பட்ட பெட்டி, இந்த முறையில் உடனுக்குடன் வாசிக்கும் வாத்தியமாகிவிட்டது.

தன் கலை கையில்தான் இருக்கிறது என்பதை அவரே வெளிப்படையாகக் காட்டவும் செய்தார். 2004இல் வந்த ‘எக்ஸிபிஷனிஸ்ட்’ காணொளித் தட்டில் பல கேமராக்கள் அவர் கைகளையே தொடர்கின்றன. 2015இல் வடிவமைப்பாளர் யூரி சுசூகி அவருக்காக ‘தி விசிட்டர்’ என்ற, பறக்கும் தட்டு வடிவத் தாளக் கருவியை உருவாக்கினார். முகத்தை மறைத்துத் தொடங்கிய கலைஞர் கையை மட்டும் காட்டுவது தற்செயல் என்று தோன்றவில்லை.

திரையும் பெரும் இசைக்குழுவும்

2000ஆம் ஆண்டில் மில்ஸ் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ என்ற 1927ஆம் ஆண்டு மௌனப் படத்துக்குப் புதிய இசை அமைத்தார். பொருத்தமான தேர்வு. பத்து மணி நேரக் கடிகாரத்துக்கு அடிமையான நிலத்தடித் தொழிலாளர்களின் கதை அது; பெரிய முள்போன்ற கரங்களைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தோடு போராடும் காட்சி அதன் மையத்தில் வருகிறது. டெட்ராய்ட்டிலிருந்து வந்தவருக்கு அதில் சொந்தக் கதை இருந்தது. காட்சிக்குக் காட்சி உணர்ச்சியை எடுத்துச்சொல்லும் வேலையை அவர் இசை செய்யவில்லை. படத்தின் வேகத்துக்கு அருகில் இன்னொரு வேகத்தை ஓடவிட்டு, இரண்டும் ஒட்டுவதையும் விலகுவதையும் பார்க்க வைத்தது. இரண்டு தட்டுகளைக் கலப்பவரின் மனம் அங்கேயும் வேலை செய்தது. லாங்கின் ‘நிலவில் பெண்’ படத்துக்கும் பின்னர் இசை அமைத்தார்.

2005 ஜூலையில் தெற்கு பிரான்சில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான போன் டு கார் என்ற ரோமானியர் காலத்து நீர்ப்பாலத்தின் அருகே, மோன்பெலியே ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ‘ப்ளூ பொடென்ஷியல்’ நிகழ்ச்சி நடந்தது. தோமா ருசெல் மில்ஸின் பழைய ஆக்கங்களைப் பெரும் இசைக்குழுவுக்கு விரித்தெழுதியிருந்தார். இதன்பின் இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகின. பிரெஞ்சு அரசு 2007இல் கலை இலக்கியத்துக்கான செவாலியே விருதையும் 2017இல் அதற்கு அடுத்த நிலை விருதையும் அவருக்கு வழங்கியது.

கௌரவம் பெரிது, இசை அந்த அளவுக்கு உயரவில்லை என்பது என் மதிப்பீடு. ‘தி பெல்ஸ்’ ஆக்கத்தின் மணியோசையை வயலின்களும் பித்தளைக் குழல்களும் வாசிக்கும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அடுக்குவதற்கு வசதியாகக் கழித்துக் கழித்து வெறுமையாக்கிய ஒன்றை நிரப்பிவிட்டால், அதன் பயனே போய்விடுகிறது. இயந்திரத்தின் வேகத்துக்கு எழுபது மனிதர்கள் கட்டுப்பட்டு வாசிக்கும்போது, ஃபோர்டின் வரிசை வேறு வடிவில் திரும்பி வருகிறது. மில்ஸும் இதை உணர்ந்திருக்கக் கூடும். 2017இல் போர்த்துகலின் போர்ட்டோ இசைக்குழுவுடன் வெளியிட்ட ‘பிளானட்ஸ்’ பழைய ஆக்கங்களின் விரிவாக்கம் இல்லை. இசைக்குழுவை எண்ணியே எழுதப்பட்டது. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் நூறு ஆண்டுகளுக்கு முன் கோள்களைச் சோதிடக் குணங்களாகக் கண்டு இசையமைத்தார். மில்ஸ் கோள்களோடு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியையும் இசையாக்கினார். தட்டிலிருந்து தட்டுக்குப் போகும் இடைவெளியில் வாழ்ந்த டிஜேக்குத்தான் இப்படித் தோன்றும்.

பெரும் இசைக்குழுவைப் பற்றிச் சொன்னதையே விண்வெளி மீதான அவருடைய ஈடுபாட்டைப் பற்றியும் சொல்லலாம். 1992இல் விண்வெளி ஓடத்தில் பறந்த ஜப்பானிய வீரர் மமோரு மோரியின் அனுபவத்தை வைத்து 2013இல் ‘வேர் லைட் எண்ட்ஸ்’ தொகுப்பைச் செய்தார். சன் ரா, பார்லமென்ட் எனக் கறுப்பின அமெரிக்க இசையில் விண்வெளிக்கு நீண்ட மரபு உண்டு. இந்த மண்ணில் இடம் மறுக்கப்பட்டவர்கள் வேறொரு வெளியைக் கற்பனை செய்த மரபு அது. மில்ஸ் அதன் வாரிசு. ஆயினும் ஆக்சிஸில் அடுத்தடுத்து வந்த கருத்துத் தொகுப்புகள் பலவற்றில், உறைக் குறிப்பு சொல்லும் கதைக்கு ஒலி பின்பாட்டு பாடுகிறது. வெளியீடுகளின் எண்ணிக்கை கூடியதும் ஒரு காரணம்.

கைக்குக் கை

அவருடைய பிற்காலத்தின் உச்சம் கோள்களில் இல்லை. ஒரு டிரம்ஸ் கலைஞரின் அருகில் இருக்கிறது. நைஜீரியாவின் ஃபெலா குட்டியோடு ஆஃப்ரோபீட் இசையை உருவாக்கிய டோனி ஆலனுடன் மில்ஸ் 2016இல் பாரிசில் இணைந்து வாசிக்கத் தொடங்கினார். 2018இல் ‘டுமாரோ கம்ஸ் தி ஹார்வெஸ்ட்’ ப்ளூ நோட் வெளியீடாக வந்தது.

ஆலன் 1940இல் பிறந்தவர். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நான்கு பேச்சுகளைத் தனித்தனியே பேசுவதுபோல வாசிப்பார். அவர் தாளம் ஒருபோதும் அப்படியே திரும்பாது. மில்ஸின் 909 ஒருபோதும் மாறாது, கை வைத்தால் ஒழிய. இந்த இரண்டும் சேரும்போது சிக்கல் மில்ஸுக்குத்தான். ஆலன் அடுத்து எங்கே அடிப்பார் என்று தெரியாது. ஆகவே முன்கூட்டி அமைத்த எதையும் நம்ப முடியாது. கேட்டு, முடிவெடுத்து, பொத்தானைத் தொட்டாக வேண்டும். அந்தப் பதிவில் மில்ஸ் பல இடங்களில் பின்வாங்கி, ஒற்றைச் சிங்கி ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். லிக்விட் ரூமில் மின்னல் வேகத்தில் ஓடிய கை இங்கே பொறுமையைக் கற்றிருக்கிறது. காலத்தைக் காப்பது இயந்திரமா மனிதனா என்ற கேள்விக்கு இருவரும் மாறி மாறி விடை சொல்கிறார்கள்.

ஆலன் 2020 ஏப்ரல் 30 அன்று பாரிசில் காலமானார். மில்ஸ் அந்த முயற்சியை நிறுத்தவில்லை. தொடக்கத்திலிருந்தே உடனிருந்த கீபோர்டு கலைஞர் ஷான்-ஃபி டாரியுடனும், பிரான்சைச் சேர்ந்த தபேலாக் கலைஞர் பிரபு எதுவாருடனும் அதே பெயரில் தொடர்ந்தார்.

ஒரு டிஜே இசைக்கலைஞரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிறர் பாட்டைப் போடுபவர் எப்படிக் கலைஞர் ஆவார் என்பது அதன் சாரம். மில்ஸின் நாற்பதாண்டு உழைப்பு இதற்குத் தெளிவான விடை தருகிறது. தட்டு, தாளப் பெட்டி, படச்சுருள் என எந்தக் கருவி முன்னே இருந்தாலும் அதன் காலத்துக்குள் நுழைந்து முடிவெடுப்பது இசைச் செயல்தான். அந்த முடிவுகள் நன்றாக இருந்தால் அது கலை. விருதும் பெரும் இசைக்குழுவும் இதற்குச் சான்றிதழ் தரத் தேவையில்லை.

கேட்க விரும்பும் வாசகர்களுக்கு என் பரிந்துரை: 1995ஆம் ஆண்டு டோக்கியோ பதிவில் தொடங்குங்கள், அடுத்து ஆலனுடன் செய்த பதிவுக்குப் போங்கள், மற்றவை பிறகு. பாடல் எங்கே முடிகிறது என்று காத்திருக்க வேண்டாம். கை எப்போது உள்ளே வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.